மதிப்பெண் இறங்கியது எதனால்?

"உங்க சிபில் கொஞ்சம் கம்மியா இருக்கு சார்." கடன் விண்ணப்பம் நிராகரிக்கப்படும்போது பெரும்பாலும் இந்த ஒரு வரிதான் பதிலாகக் கிடைக்கிறது. கேட்டவர் தலையாட்டிவிட்டு எழுந்துவிடுகிறார். தான் ஏதோ தப்புச் செய்துவிட்டோம் என்ற குறுகுறுப்பு, இன்னும் கேட்டால் அவமானம் என்ற தயக்கம். எதிரில் இருப்பவரின் திரையிலோ எந்தக் கடன், எந்த மாதம், எத்தனை நாள் தாமதம் என்பதெல்லாம் வரி வரியாகத் தெரிகிறது. அந்த வரிகளைக் கேட்டு வாங்கும் உரிமை உங்களுக்கு உண்டு. கடன் தகவல் நிறுவனங்கள் (ஒழுங்குமுறை) சட்டம், 2005-இன் 21-ஆம் பிரிவின்படி, கடனுக்கு விண்ணப்பித்தவர் தன்னைப் பற்றி வங்கி பெற்ற கடன் தகவலின் நகலை அந்த வங்கியிடமே கேட்கலாம்.

இந்த அத்தியாயம் முழுக்க ஒரே ஒரு பழக்கத்தைத்தான் வலியுறுத்துகிறது. எண்ணைப் பார்த்துக் கவலைப்படுவதை விட்டுவிட்டு அறிக்கையைப் படியுங்கள். 300-லிருந்து 900 வரை ஓடும் அந்த எண் தானாக இறங்குவதில்லை. அறிக்கையின் ஏதோ ஒரு வரி மாறியிருக்கும், அதனால்தான் எண் மாறியிருக்கும். அந்த வரியைக் கண்டுபிடிக்காமல் செய்யும் எந்தப் பரிகாரமும் வீண் செலவு. "ஒரு மாசத்துல 100 பாயின்ட் ஏத்தித் தர்றோம்" என்று பணம் கேட்பவர்களிடம் கொடுப்பதும் இதில் சேர்த்தி.

முதலில் முழு அறிக்கை

இந்தியாவில் நான்கு கடன் தகவல் நிறுவனங்கள் இயங்குகின்றன: டிரான்ஸ்யூனியன் சிபில், ஈக்விஃபாக்ஸ், எக்ஸ்பீரியன், சிஆர்ஐஎஃப் ஹை மார்க். சிபில் முதலில் வந்ததால் அதன் பெயரே எல்லாவற்றுக்கும் பொதுப்பெயர் ஆகிவிட்டது. நான்கு நிறுவனங்களும் ஆண்டுக்கு ஒருமுறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி உத்தரவிட்டிருக்கிறது. ஆகவே ஆண்டுக்கு நான்கு அறிக்கைகள் காசில்லாமல் கிடைக்கும். அவரவர் இணையதளத்தில் பான் எண்ணும் செல்பேசி எண்ணும் கொடுத்து எடுத்துக்கொள்ளலாம். சொந்த அறிக்கையை நீங்களே எடுத்துப் பார்ப்பதால் மதிப்பெண் குறையாது. இந்தப் பயத்திலேயே பலர் பார்க்காமல் இருக்கிறார்கள்.

நான்கு நிறுவனங்களும் நான்கு வெவ்வேறு கணக்கீட்டு முறைகளைப் பின்பற்றுகின்றன. ஒன்றில் 780, இன்னொன்றில் 742 என்று வருவது இயல்பு. போன மாதம் ஒரு செயலியில் பார்த்த எண்ணையும் இந்த மாதம் வங்கியில் சொன்ன எண்ணையும் ஒப்பிட்டு "இறங்கிவிட்டது" என்று முடிவுகட்ட வேண்டாம். ஒரே நிறுவனத்தின் பழைய எண்ணையும் புதிய எண்ணையும் வைத்துத்தான் ஒப்பிட வேண்டும்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். "தவணை ஒழுங்குக்கு 35 சதவீதம், கடன் பாக்கிக்கு 30 சதவீதம்" என்று காணொளிகளில் சொல்லப்படும் பங்கீடு அமெரிக்காவின் ஃபைகோ மதிப்பெண்ணுக்கு உரியது. நம் நாட்டு மதிப்பெண்ணுக்கு அதை அப்படியே பொருத்திக் கணக்குப் போடக் கூடாது. எவையெல்லாம் பாதிக்கும் என்பது இங்கும் தெரிந்த விஷயம்தான். ஆனால் எது எத்தனை புள்ளி என்று துல்லியமாகச் சொல்பவரை நம்ப வேண்டாம்.

நாள் கணக்குக் கட்டங்கள்

அறிக்கையில் ஒவ்வொரு கடனுக்கும் கீழே மாதவாரியாகச் சின்னச் சின்னக் கட்டங்கள் இருக்கும். பொதுவாகக் கடந்த 36 மாதங்கள். தவணை கெடு தாண்டி எத்தனை நாள் ஆயிற்று என்பதுதான் அந்தக் கட்டத்தில் இருக்கும் எண். 000 என்றால் சரியாகக் கட்டியிருக்கிறீர்கள். 030 என்றால் முப்பது நாள் பாக்கி. மூன்று எக்ஸ் எழுத்துகள் இருந்தால் அந்த மாதத் தகவலை வங்கி அனுப்பவில்லை என்று பொருள். 90 நாளைத் தாண்டினால் வங்கி அந்தக் கடனை வாராக்கடன் பட்டியலுக்கு மாற்றிவிடும். பழைய தாமதத்தைவிட அண்மைத் தாமதம் அதிகம் உறுத்தும். இரண்டரை ஆண்டுக்கு முன் வந்த ஒரு 030, போன மாதம் வந்த 030 அளவுக்குக் கெடுதல் செய்யாது.

கட்ட முடியாமல் தவறவிட்டவர்களுக்கு இந்தக் கட்டம் வியப்பைத் தராது, காரணம் அவர்களுக்கே தெரியும். கையில் பணம் இருந்தும் தாமதம் பதிவானவர்களுக்காகத்தான் இந்தப் பகுதியைக் கொஞ்சம் நீட்டுகிறேன்.

வேலை மாறியதும் சம்பளக் கணக்கும் மாறுகிறது. இ.எம்.ஐ. மட்டும் பழைய கணக்கிலிருந்தே எடுக்கப்படுகிறது. அந்தக் கணக்கில் பணம் இல்லாததால் தவணை திரும்பிவிடுகிறது. தகவல் பழைய மின்னஞ்சலுக்குப் போகிறது. இரண்டு மாதம் கழித்துப் பார்த்தால் கட்டத்தில் 060 நிற்கிறது. கணக்கை மாற்றும்போது தானியங்கித் தவணை ஒப்புதலையும் புதிய கணக்குக்கு மாற்றிவிட்டு, முதல் தவணை அதிலிருந்து எடுக்கப்படும்வரை பழைய கணக்கில் இரண்டு தவணைக்கான பணத்தை விட்டுவையுங்கள்.

அடுத்தது, பயன்படுத்தாத கிரெடிட் கார்டு. "வாழ்நாள் முழுக்க இலவசம்" என்று நினைத்து அலமாரியில் போட்ட கார்டுக்கு ஆண்டுக் கட்டணம் 500 ரூபாய் விழுகிறது. ஜி.எஸ்.டி. 18 சதவீதம் சேர்த்து 590. அதைக் கட்டாததால் அபராதம், அதன் மேல் வட்டி. தொகை சிறியது என்பதற்காக நாள்களின் எண்ணிக்கை நின்றுவிடாது. ஐந்து லட்சம் பாக்கிக்கும் 590 ரூபாய் பாக்கிக்கும் அந்தக் கட்டத்தில் விழும் எண் ஒன்றேதான். முன்கூட்டியே அடைத்த கடனில் சில நூறு ரூபாய் வட்டி மிச்சமாக நிற்பதும் இதே வகை. கடைசித் தவணை கட்டியதோடு நிறுத்தாமல், பாக்கி இல்லை என்ற சான்றைக் கையில் வாங்கும்வரை அந்தக் கடன் முடியவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

கார்டு விஷயத்தில் ரிசர்வ் வங்கி ஒரு சிறு அவகாசம் கொடுத்திருக்கிறது. கெடுவுக்குப் பிறகு மூன்று நாளுக்கு மேல் பாக்கி நின்றால்தான் அதைத் தாமதம் என்று கடன் தகவல் நிறுவனத்துக்கு அனுப்பலாம். ஒரு நாள் தள்ளிக் கட்டியதையே தாமதமாக அனுப்பியிருந்தால் நீங்கள் தாராளமாகக் கேள்வி கேட்கலாம்.

நகைக்கடனும் கடன்தான்

நம் ஊரில் இதைத் தனித்தலைப்பிட்டுச் சொல்லியே ஆக வேண்டும். நகையே வங்கியிடம் இருக்கிறதே, பிறகென்ன என்ற எண்ணத்தில், நகைக்கடனை யாரும் கடன் கணக்கில் சேர்ப்பதே இல்லை. வங்கியும் நிதி நிறுவனமும் சேர்க்கின்றன. ஒவ்வொரு அடகும் அறிக்கையில் தனித்தனிக் கணக்கு. திருப்பி வைத்தால் பழையது மூடப்பட்டுப் புதியது திறக்கும். பள்ளிக்கட்டணத்துக்கு ஒன்று, விதைநெல்லுக்கு ஒன்று, மருத்துவச் செலவுக்கு ஒன்று என்று வைக்கும் குடும்பத்தில் ஒரே ஆளின் பெயரில் ஏழெட்டுக் கணக்குகள் ஓடிக்கொண்டிருக்கும்.

பிரச்சினை கெடு தேதியில் வருகிறது. மாதத் தவணை இல்லாமல், ஓராண்டு முடிவில் அசலும் வட்டியும் சேர்த்துக் கட்டும் கடன்கள் இவற்றில் அதிகம். மாதாமாதம் நினைவூட்ட எதுவும் இல்லாததால் தேதி மறந்துபோகிறது. கெடு தாண்டிய மறுநாளிலிருந்து நாள் எண்ணத் தொடங்கிவிடுகிறார்கள். "ஏலத்துக்கு முன்னாடி திருப்பிக்கலாம்" என்று இருந்துவிட்டால் நகை மீண்டுவிடும், கட்டங்களில் விழுந்த 030, 060 அங்கேயே நிற்கும். ஏலத்தில் போனால் இன்னும் மோசம். கடன்தொகைக்கு மேல் கிடைத்த பணம் உங்களுக்குத் திரும்ப வேண்டும். குறைந்தால் மிச்சப் பாக்கி உங்கள் பெயரில்தான் இருக்கும். அடகுச் சீட்டுகளின் கெடு தேதிகளை எல்லாம் ஒரே தாளில் எழுதிச் சமையலறை நாள்காட்டிக்குப் பக்கத்தில் ஒட்டிவையுங்கள். நகை மனைவியுடையது, கடன் கணவர் பெயரில் என்றால் இருவர் கண்ணிலும் அது பட வேண்டும்.

பாதி கட்டி முடித்த கடன்

கட்ட முடியாத கடனைப் பேசிக் குறைத்து ஒரே தவணையில் முடிப்பதை வங்கிகளில் ஓ.டி.எஸ். என்பார்கள். ஒரு லட்சம் பாக்கியில் அறுபதாயிரம் கட்டி முடித்தால் உங்கள் மனதில் கடன் தீர்ந்துவிடும். அறிக்கையில் அது 'முடிந்தது' என்று வராது, 'செட்டில்டு' என்று வரும். முழுத்தொகை வரவில்லை, மிச்சத்தை வங்கி விட்டுக்கொடுத்தது என்று அடுத்த வங்கி அதைப் படித்துக்கொள்ளும். வங்கி கைகழுவிய கடனுக்கு 'ரிட்டன் ஆஃப்' என்று வரும், அது இதைவிடக் கடினமான குறி. இந்தத் தகவல்களைக் குறைந்தது ஏழாண்டுகள் பாதுகாக்க வேண்டும் என்பது விதி.

ஓ.டி.எஸ். செய்யாதீர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. வேலை போனவருக்கும், வீட்டில் ஒருவரின் மருத்துவமனைச் செலவில் மூழ்கியவருக்கும் ஏறிக்கொண்டே போகும் வட்டியை நிறுத்துவதுதான் முதல் தேவை. மதிப்பெண்ணைப் பிறகு மீட்கலாம். ஆனால் கையெழுத்துப் போடுமுன் அறிக்கையில் என்ன குறி வரும் என்பதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். வசதி வந்தபின் விட்டுக்கொடுத்த தொகையையும் கட்டினால் குறியை மாற்றித் தருவார்களா என்று எழுத்தில் கேளுங்கள். வசூல் முகவர் வாயால் சொல்லும் உறுதி பிறகு எந்த மேசையிலும் செல்லாது.

அடுத்தவர் கடன், உங்கள் அறிக்கை

ஜாமீன் கையெழுத்தை நம்மவர்கள் உறவின் கடமையாகப் பார்க்கிறார்கள். மைத்துனர் கேட்டால் மறுக்க முடிவதில்லை. 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 128-ஆம் பிரிவில், வேறுவிதமாக ஒப்பந்தம் இல்லாத வரை, கடன் வாங்கியவரின் பொறுப்பு எவ்வளவோ அவ்வளவும் ஜாமீன்தாரருக்கும் உண்டு என்கிறது. அந்தக் கடன் உங்கள் அறிக்கையிலும் தெரியும். கணக்குக்கு எதிரே தனிநபர், கூட்டு, ஜாமீன்தாரர் என்று உங்கள் பங்கு குறிக்கப்பட்டிருக்கும்.

கல்விக் கடனில் பெற்றோர் இணைக் கடன்தாரர். படிப்பு முடிந்து சலுகைக் காலமும் கழிந்து, பிள்ளைக்கு வேலை கிடைக்காமல் தவணை நின்றால், அப்பாவின் அறிக்கையிலும் அதே நாள் கணக்கு ஏறும். பையன் சென்னையில் வேலை தேடிக்கொண்டிருப்பான், ஊரில் அப்பாவுக்கு டிராக்டர் கடன் மறுக்கப்படும். இருவருக்கும் ஒன்றின் காரணம் மற்றொன்று என்று தெரியாது. சலுகைக் காலம் முடிகிற தேதியைக் குடும்பத்தோடு உட்கார்ந்து பேசுங்கள். கட்ட வழியில்லை என்றால் தவணை தவறும் முன்பே கிளைக்குப் போய்க் காலத்தை நீட்டித் தரக் கேளுங்கள். தவறிய பிறகு கேட்டால் கிடைப்பது அரிது.

சரியாகக் கட்டியும் குறைகிறதே?

கிரெடிட் கார்டு வைத்திருப்பவர்களின் குறை இது. மொத்த வரம்பில் எத்தனை சதவீதம் எடுத்திருக்கிறீர்கள் என்பதும் மதிப்பெண்ணைப் பாதிக்கும். 30 சதவீதத்துக்குள் இருப்பது நல்லது என்பது பொதுவான அறிவுரை. ஒரு லட்ச ரூபாய் வரம்புள்ள கார்டில் மகளின் கல்லூரிக் கட்டணம் 80,000 ரூபாயை 10-ஆம் தேதி கட்டுகிறீர்கள். கெடுவுக்குள் முழுத்தொகையையும் அடைத்துவிடுவீர்கள், ஒரு நாள்கூடத் தாமதமில்லை. ஆனால் 2025 ஜனவரி முதல் வங்கிகள் மாதத்தில் குறைந்தது இருமுறை, மாத நடுவிலும் மாதக்கடைசியிலும், கணக்கின் நிலவரத்தை அனுப்புகின்றன. மாத நடுவில் போகும் நிலவரத்தில் நீங்கள் 80 சதவீதம் செலவழித்தவராகத் தெரிவீர்கள். இந்த இறக்கம் தானே சரியாகிவிடும். வீட்டுக் கடனுக்கு விண்ணப்பிக்கப்போகும் சமயம் மட்டும், பில் வரும்வரை காத்திருக்காமல் முன்னதாகவே பணத்தைக் கட்டிவிடுங்கள்.

பழைய கார்டை மூடுவதிலும் இதே கணக்கு வரும். ஒரு லட்சம் வரம்புள்ள பழைய கார்டு ஒன்று, ஐம்பதாயிரம் வரம்புள்ள புதியது ஒன்று, செலவு 30,000. இப்போது பயன்பாடு 20 சதவீதம். பழையதை மூடினால் அதே செலவு 60 சதவீதமாகிவிடும். வங்கியே உங்கள் வரம்பைக் குறைத்தாலும் இதுதான் நடக்கும்.

மினிமம் டியூ மட்டும் கட்டிக்கொண்டு போனால் தாமதம் பதிவாகாது. ஆனால் வட்டி ஆண்டுக்கு 40 சதவீதத்தையொட்டி ஏறும், பாக்கி வரம்பை நோக்கி நகரும், எண் மெல்ல மெல்ல இறங்கும்.

ஒரே வாரத்தில் பல இடங்களில் கடன் கேட்பதும் இறக்கும். தீபாவளி நேரத்தில் குளிர்சாதனப்பெட்டி வாங்கப் போன கடையில், "எதுல அப்ரூவ் ஆகுதோ பார்க்கலாம்" என்று விற்பனையாளர் மூன்று நிறுவனங்களில் உங்கள் பான் எண்ணைத் தட்டுகிறார். மூன்று விசாரணைகள் பதிவாகின்றன. ஓ.டி.பி. சொல்லுமுன் எந்த நிறுவனத்துக்கு என்று கேளுங்கள். ஒன்றின் பதில் வந்தபிறகு அடுத்ததற்குப் போகலாம்.

உங்களுடையதே அல்லாத கடன்

அறிக்கையில் கேள்விப்படாத ஒரு பெயர் இருக்கும். உடனே மோசடி என்று பதற வேண்டாம். செல்பேசிச் செயலியில் வாங்கிய கடன், அதற்குப் பின்னால் இருக்கும் நிதி நிறுவனத்தின் பெயரில்தான் வரும். வங்கிகள் இணைந்ததாலும் பெயர் மாறும். கரூரில் பிறந்த லட்சுமி விலாஸ் வங்கி 2020 நவம்பரில் டிபிஎஸ் வங்கியோடு இணைந்தது, அலகாபாத் வங்கி அதே ஆண்டு ஏப்ரலில் இந்தியன் வங்கியோடு. பழைய வாராக்கடனைச் சொத்து மறுசீரமைப்பு நிறுவனத்துக்கு விற்றிருந்தால் அதன் பெயர் இருக்கும். தொடங்கிய தேதியையும் தொகையையும் பாருங்கள், பெரும்பாலும் நினைவுக்கு வந்துவிடும்.

வராவிட்டால், அது வேறொருவரின் கடனாக இருக்கலாம். தமிழர்களின் பெயர்முறை இந்தக் குழப்பத்துக்கு நிறையவே இடம் தருகிறது. நமக்குக் குடும்பப்பெயர் இல்லை, தலைப்பெழுத்துதான். க. செல்வம் என்பவர் ஒரு வங்கியில் செல்வம் க, இன்னொன்றில் கருப்பையா செல்வம், மற்றொன்றில் வெறும் செல்வம். திருமணத்துக்குப் பின் பெண்களின் தலைப்பெழுத்து சில ஆவணங்களில் மாறுகிறது, சிலவற்றில் மாறுவதில்லை. போதாததற்கு, மூத்த தலைமுறையில் பலருக்குப் பிறந்த தேதியைப் பள்ளியில் சேர்க்கும்போது தலைமையாசிரியர்தான் எழுதினார். ஆண்டு மட்டும் தெரிந்தவர்களுக்கு ஆதாரில் ஜனவரி 1 விழுந்திருக்கும். பெயர், பிறந்த தேதி, பான், முகவரி ஆகியவற்றை ஒட்டுப்போட்டுத்தான் ஒரு நபரின் அறிக்கையைத் தயாரிக்கிறார்கள். ஒரே பெயர், ஒரே தேதி, ஒரே ஊர் என்றால் இன்னொரு செல்வத்தின் கடன் உங்கள் அறிக்கையில் வந்து உட்கார வாய்ப்பு உண்டு. உங்கள் நல்ல கடனே இரண்டாகப் பிரிந்து, பாதி வேறோர் அறிக்கையில் கிடக்கவும் கூடும். பான், ஆதார், வங்கிக் கணக்கு மூன்றிலும் பெயரும் தேதியும் ஒரே மாதிரி இருக்கும்படி திருத்திக்கொள்வது அலைச்சல்தான். கடனே வாங்காதவர்கூட இந்த அலைச்சலை ஒருமுறை பட்டுவிடுவது நல்லது.

உங்கள் பான் எண்ணை வைத்து யாரோ கடன் எடுத்திருப்பது உறுதியானால், 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணில் புகார் பதிந்து, அந்தப் புகார் எண்ணையும் சேர்த்துக் கீழே சொல்லும் வழியில் போங்கள்.

திருத்துவது எப்படி

தவறான வரி எதுவோ அதை மட்டும் சுட்டிப் புகார் கொடுங்கள். கடன் தகவல் நிறுவனத்தின் இணையதளத்தில் இதற்குக் கட்டணம் இல்லை. அறிக்கை எண், கணக்கின் பெயர், எந்த மாதக் கட்டம் தவறு, சரியான தகவல் என்ன, அதற்கான சான்று என்று ஐந்தும் இருக்கட்டும். கடன் தந்த நிறுவனம் ஒப்புக்கொள்ளாமல் தகவல் நிறுவனம் எதையும் மாற்ற முடியாது. ஆகவே அதே மனுவை வங்கிக்கும் அதே நாளில் அனுப்புங்கள். "என் சிபிலைச் சரிசெய்யுங்கள்" என்று பொதுவாக எழுதும் மனுவுக்கு வரும் பதிலும் பொதுவாகவே இருக்கும். "2024 மார்ச் மாதத் தவணை 5-ஆம் தேதி என் கணக்கிலிருந்து எடுக்கப்பட்டது, கணக்கு அறிக்கை இணைத்துள்ளேன், அந்த மாதக் கட்டத்தில் 030 என்றிருப்பதை 000 என மாற்றவும்" என்பதுபோல எழுதுங்கள்.

30 நாளுக்குள் தீர்க்க வேண்டும். அதில் வங்கிக்கு 21 நாள். 2024 ஏப்ரல் 26 முதல், கெடு தாண்டும் ஒவ்வொரு நாளுக்கும் உங்களுக்கு 100 ரூபாய் இழப்பீடு தர வேண்டும். வங்கி தாமதித்தால் வங்கியும், தகவல் நிறுவனம் தாமதித்தால் அதுவும் கொடுக்கும். திருத்த மறுத்தால் அதற்கான காரணத்தையும் சொல்ல வேண்டும். யாராவது உங்கள் அறிக்கையை எடுத்துப் பார்த்தால் குறுஞ்செய்தியோ மின்னஞ்சலோ வர வேண்டும் என்ற விதியும் அப்போதே வந்தது. உங்கள் செல்பேசி எண் பழையதாக இருந்தால் அது யாருக்கோ போய்க்கொண்டிருக்கும் என்பதால், அறிக்கையில் உள்ள எண்ணை முதலில் சரிபாருங்கள்.

30 நாளில் பதில் இல்லை, அல்லது வந்த பதில் திருப்தி இல்லை என்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். 2022 செப்டம்பர் முதல் கடன் தகவல் நிறுவனங்களும் அந்தத் திட்டத்துக்குள் வந்துவிட்டன. ரிசர்வ் வங்கியின் புகார்த் தளத்தில் கட்டணமின்றிப் பதியலாம், வழக்கறிஞர் தேவையில்லை. விவரம் கேட்க 14448. முதல் மனுவின் நகலும் அதை அனுப்பிய தேதிக்கான சான்றும் இல்லாவிட்டால் புகார் நிற்காது, அந்த இரண்டையும் முதல் நாளே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நாள் இழப்பீடு உங்களுக்கு உரியதென்றால், புகார் தீர்ந்த ஐந்து வேலை நாளுக்குள் அது உங்கள் வங்கிக் கணக்கில் வரவாக வேண்டும். அதற்கான கணக்கு எண்ணையும் மனுவிலேயே எழுதிவிடுங்கள்.